மேலைக்காற்று ஓய்ந்து வாடை எழும் வரை: தமிழ்நாட்டில் வெயில் தணியும் விதம்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் நடுவில் ஒரு செய்தி வரும்: மேற்கு ராஜஸ்தானிலிருந்து தென்மேற்குப் பருவமழை விலகத் தொடங்கிவிட்டது. வட இந்தியாவுக்கு அது வானம் தெளிந்து இரவுகள் குளிரப்போவதற்கான முதல் அறிகுறி. அதே நாளில் மதுரையிலோ வேலூரிலோ இருப்பவருக்கு அது அடுத்த ஊர்க் கல்யாணச் செய்தி போலத்தான் படும். மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் கையைச் சுடும். மின்விசிறி அறையில் இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பும். இரவு பத்து மணி வாக்கில் மேற்கே மின்னல் வெட்டி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் காலை எதுவுமே நடக்காததுபோல் வெயில் மறுபடி ஏறும். 'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்ற பழமொழி சொல்வது இந்த நாட்களைத்தான். காய்வதும் பெய்வதும் ஒரே நாளில் நடந்துவிடும் என்பதை அனுபவிக்காதவர்கள் நம்புவது கடினம்.

கோடை முடிந்தால் குளிர்ந்த காற்று வரும், அது வெப்பத்தை விரட்டும் என்ற வரிசை வேறு நிலப்பகுதிகளுக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் வெயிலைத் தணிப்பது எங்கிருந்தோ வரும் குளிர் அன்று. காற்று திசை மாறுவதால் வரும் மேகமும் மழையுமே முதலில் பகல் வெப்பத்தைக் குறைக்கின்றன. உண்மையான குளிர் அதற்கும் ஒன்றரை, இரண்டு மாதங்கள் கழித்து, மழை ஓய்ந்து வானம் வெறுமையான பிறகுதான் வருகிறது. எனவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெளியாகும் எந்த வானிலைக் கணிப்பைப் படிக்கும்போதும், எத்தனை சென்டிமீட்டர் மழை என்று பார்ப்பதற்கு முன்னால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்ப்பது நல்லது. மற்றவை பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வருபவையே.

ஆவணி வெயிலின் இரண்டு காரணங்கள்

சூரியன் தமிழ்நாட்டின் உச்சியை ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கிறது. சென்னையில் முதல் முறை ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும், இரண்டாம் முறை ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் நேராக நட்ட கம்பிக்கு நிழல் விழாது. தெற்கே போகப் போக இந்த இரண்டாவது நாள் தள்ளிப்போகும். கன்னியாகுமரியில் அது ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போதுதான் வரும். ஆகவே ஆவணி மாதத்தில் நமக்கு அடிக்கும் வெயில் கோடையின் மிச்சம் அன்று, சூரியன் திரும்பிப் போகிற வழியில் தலைக்கு மேலேயே ஒருமுறை நின்றுவிட்டுப் போவதால் வரும் தனிக் கணக்கு. தில்லி இருக்கும் 28 பாகை அட்சரேகையில் சூரியன் ஒருபோதும் உச்சிக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இரண்டாவது காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. கேரளம் நனைகிறது, நம் பக்கத்தில் சின்னக்கல்லாறும் வால்பாறையும் தேவாலாவும் நனைகின்றன. ஈரத்தை இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடாகும் என்பது இயற்பியல் விதி. ஏறும்போது மழையாகப் பொழிந்ததால் கிடைத்த வெப்பமும் அதில் சேர்ந்திருக்கும். அதனால்தான் கொச்சியில் சாரல் விழும் ஆகஸ்ட் மாதத்தில் மதுரையிலும் திருச்சியிலும் கரூரிலும் 37, 38 டிகிரி சாதாரணமாகப் பதிவாகிறது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய மூன்று இடைவெளிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் வாயில் இருக்கும் ஊர்களில் காற்று ஈரத்தோடும் வேகத்தோடும் நுழைவதால் கோயம்புத்தூரும் தென்காசியும் இந்த மாதங்களில் மற்ற ஊர்களை விட இதமாக இருக்கும். முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பதும் இதே காரணத்தால்தான். அங்கே இருப்பவர்களுக்குப் பருவம் மாறுவதைச் சொல்ல யாரும் தேவையில்லை. ஆடியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்ற இறக்கைகள் புரட்டாசிக் கடைசியில் ஒவ்வொன்றாக எண்ணும்படி மெல்லச் சுற்றும், பிறகு பல நாட்கள் அசையாமல் நிற்கும்.

புழுக்கம் என்பது எது

வெப்பமானியை மட்டும் பார்த்தால் செப்டம்பர் மாதத்தைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் மே, ஜூன் மாதங்களில் பகலில் 37 டிகிரிக்கு மேல் இருக்கும் சராசரி உச்ச வெப்பம் செப்டம்பரில் 34-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஆனாலும் சென்னைக்காரர்கள் செப்டம்பரில்தான் அதிகம் அலுத்துக்கொள்கிறார்கள் என்பது என் நெடுநாள் கவனிப்பு. அதற்குக் காரணம் காற்றின் வேகம். ஜூனில் நிலத்துக் காற்று வலுவாக வீசும்போது கடற்காற்று பிற்பகலில் தாமதமாகத்தான் உள்ளே வரும். வெயில் கொளுத்தினாலும் காற்று உலர்ந்து வேகமாக வீசுவதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும். புரட்டாசியில் மேலைக்காற்று தளர்ந்துவிடுகிறது. கீழைக்காற்று இன்னும் எழவில்லை. இந்த இடைவெளியில் கடற்காற்று காலையிலேயே மெல்ல நுழைந்து ஈரத்தைக் கொண்டுவந்து நிரப்புகிறது, ஆனால் அதை அப்புறப்படுத்தும் வேகம் எந்தப் பக்கத்திலும் இல்லை. உடம்பிலிருந்து ஊறும் வியர்வை காயாமல் அப்படியே நிற்கிறது. துவைத்துப் போட்ட துணி மாலை வரை ஈரம் விடாமல் இருப்பதும் உப்பு ஜாடியில் நீர் விடுவதும் இதே காரணத்தின் வேறு முகங்கள். புழுக்கம் என்று நாம் சொல்வது வெப்பத்தின் அளவை அன்று, காற்று நின்றுபோனதை.

இந்த ஈரமும் வெப்பமும் சேர்ந்துதான் மாலை நேர இடிமழையை உண்டாக்குகின்றன. வானிலை அறிவிப்புகளில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று வருவது இதுதான். நிலம் சூடேறி அதன் மேலிருக்கும் காற்று எழும். ஜவ்வாது மலை, ஏலகிரி, திருவண்ணாமலைப் பகுதி மேடுகள் அதற்குக் கைகொடுக்கும். உள்ளே வந்த கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் மோதும் கோட்டில் மேகம் வெடித்துக் கிளம்பும். உயரத்தில் இன்னும் மேலைக்காற்றே இருப்பதால், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மாலையில் உருவாகும் இடி மேகங்கள் காஞ்சிபுரம் வழியாக நகர்ந்து சென்னைக்கு இரவில் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த காற்று வீசும். அது மேகத்துக்குள் மழைத்துளிகள் ஆவியாகிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து பரவுவதால் வருவது. சில நிமிடங்களில் ஐந்தாறு டிகிரி இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி அன்றிரவோடு சரி. மறுநாள் நனைந்த நிலம் ஆவியாகி முந்தைய நாளை விட அதிகமாகப் புழுங்கும். ஆவணி, புரட்டாசி மாதங்களைப் பழந்தமிழர் கார்காலம் என்று பிரித்ததையும் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்று பிரித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கார் என்றால் கருமேகம். கூதிர் என்றால் குளிர் காற்று. இடிமேகம் வருகிற காலம் வேறு, குளிர்காற்று வருகிற காலம் வேறு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காற்று திரும்பும் நாள்

செப்டம்பர் 23-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போகிறது. ஆசியாவின் பெரிய நிலப்பரப்பு குளிரத் தொடங்குகிறது. வடமேற்கு இந்தியாவில் கோடை முழுதும் காற்றை இழுத்துக்கொண்டிருந்த வெப்பத் தாழ்வு மறைந்து, அங்கே உயர் அழுத்தம் அமர்கிறது. நிலம் சீக்கிரம் குளிரும், கடல் குளிரத் தாமதமாகும். வங்கக்கடலின் மேற்பரப்பு இந்த மாதங்களிலும் 28, 29 டிகிரியில் இருப்பதால் தாழ்வுப் பகுதி மெல்லத் தெற்கு வங்கக்கடலுக்கு இடம் மாறுகிறது. காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அந்தத் தாழ்வை நோக்கி ஓடத் தொடங்குகிறது. நிலத்தின் மேல் வந்தால் அது உலர்ந்த காற்று. வங்கக்கடலைக் கடந்து நம் கரைக்கு வரும்போது ஈரம் ஏறிய காற்று. தென்னிந்தியா மட்டும் வடகிழக்குப் பருவமழை பெறுவதற்கு அடிப்படை இந்தக் கடல் வழிப் பயணமே.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை அறிவிப்பதற்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் கிழக்குத் திசைக் காற்று நிலைபெற்று, அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இவை எல்லாம் கூடினாலும் அக்டோபர் 10-க்கு முன்னால் அறிவிப்பதில்லை. இயல்பான தொடக்க நாள் அக்டோபர் 20. தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலிருந்தும் விலகும் இயல்பான நாள் அக்டோபர் 15. இரண்டுக்கும் இடையே ஐந்தே நாட்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், நடைமுறையில் ஒன்று போன நாளிலேயே இன்னொன்று வந்துவிடுவதும் உண்டு, இடையில் காய்ந்து கிடப்பதும் உண்டு. 2021-இல் அக்டோபர் 25 அன்றும், 2024-இல் அக்டோபர் 15 அன்றும் ஒரே நாளில் ஒன்று விலகி மற்றொன்று தொடங்கியது. 2016-இல் அக்டோபர் 30 வரையும் 2018-இல் நவம்பர் 1 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தாமதத்துக்குப் பல நேரம் புயல்களே காரணம் என்பது கேட்பதற்கு முரணாக இருக்கும். அக்டோபரில் வங்கக்கடலில் உருவாகும் புயல் தமிழகக் கரைக்கு வராமல் ஒடிசாவுக்கோ வங்கதேசத்துக்கோ ஏறிப்போனால், அது தன்னைச் சுற்றி இடஞ்சுழியாகக் காற்றை இழுப்பதால், அதற்குத் தென்மேற்கே இருக்கும் நமக்கு மேற்கிலிருந்து உலர்ந்த காற்றுதான் வந்து சேரும். அமையத் தொடங்கிய கீழைக்காற்று கலைந்துவிடும். 2022 அக்டோபரில் சித்ரங் புயல் வங்கதேசத்தில் கரையைக் கடந்த பிறகு, பருவமழை தொடங்க 29-ஆம் தேதி ஆனது. 2018-இல் ஒடிசா, ஆந்திர எல்லையை நோக்கிப் போன தித்லியும், அதே நேரத்தில் அரபிக்கடலில் இருந்த லூபனும் நம் பக்கத்து ஈரத்தைப் பிரித்துக்கொண்டன. 'கடலில் புயல், ஆனால் ஊரில் வெயில்' என்று அந்த நாட்களில் மக்கள் வியப்பதில் அர்த்தம் இருக்கிறது. புயலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதே கேள்வி.

காற்று மாறிவிட்டதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: மழை வந்தால் முதலில் எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்த ஓடுகிறோம் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி வரை மேற்குப் பக்கத்துச் சமையலறை ஜன்னல். சாரல் அடித்து அடுப்புத் திண்டு நனையும். ஐப்பசி பிறந்து சில நாட்களில் ஒரு விடியற்காலையில் கிழக்குப் பக்கத்து வராந்தாவில் காயப்போட்ட துணி நனைந்திருக்கும். திசையோடு நேரமும் மாறியிருப்பதைக் கவனிக்கலாம். வெப்பச்சலன மழை மாலையிலும் முன்னிரவிலும் வரும். வடகிழக்குப் பருவமழை கடற்கரையில் பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கும், ஏனென்றால் இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்று, கடலிலிருந்து வரும் கீழைக்காற்றைக் கரையருகே எதிர்கொண்டு மேலே தள்ளுகிறது. பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பு காலை ஆறு மணிக்கு வரும் வழக்கத்துக்கு மாவட்ட ஆட்சியர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அந்த மழையின் இயல்பே அப்படி.

பகல் முதலில், இரவு பிறகு

ஐப்பசியில் இறங்குவது பகல் வெப்பமே. மேகம் சூரியனை மறைக்கிறது. நனைந்த நிலம் வெயிலின் பெரும் பகுதியை ஆவியாக்குவதற்குச் செலவிடுகிறது. சென்னையில் ஆகஸ்டில் 35 டிகிரியை ஒட்டியிருக்கும் சராசரி உச்ச வெப்பம் நவம்பரில் 30-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஆனால் இரவு அவ்வளவு இறங்குவதில்லை. பகலில் குடையாக இருந்த மேகம் இரவில் போர்வையாகி, நிலத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் பகலுக்கும் இரவுக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம்கூட இருப்பதில்லை. மழைக்கு நடுவே நான்கு நாள் வானம் வெளுத்தால் ஐப்பசி வெயில் உச்சந்தலையில் உறைக்கும்; அதைக் கண்டு பருவமழை பொய்த்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம்.

இரவு குளிர்வது மார்கழியில். பருவமழை தளர்ந்து, காற்று வடக்கிலிருந்து உலர்ந்து வரும்போது, மேகமில்லாத நீண்ட இரவில் நிலத்தின் வெப்பம் தடையில்லாமல் வெளியேறுகிறது. கடலுக்கு அருகில் இருக்கும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 21, 22 டிகிரி வரை இறங்கும். கடலிலிருந்து விலகிய வேலூர், தருமபுரி, ஓசூர் பகுதிகளில் 20-க்கும் கீழே எளிதாகப் போகும். நீலகிரியில் நவம்பர் முதலே வானம் தெளிந்த இரவுகளில் தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் உறைபனி படியத் தொடங்கும். குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதே காரணம். மேட்டில் இருக்கும் வீட்டில் பனி இல்லாமல் பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாக இருப்பதை ஊட்டிக்காரர்கள் இயல்பாகச் சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது படம் எடுக்க நல்ல காட்சி. தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவருக்கோ கொழுந்து கருகும் கவலை.

கணிப்பில் எதைப் படிப்பது

அக்டோபர் தொடக்கத்தில் வெளியாகும் பருவகாலக் கணிப்பில் 'இயல்பை ஒட்டி', 'இயல்பை விட அதிகம்' என்ற சொற்கள் வரும். அது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கணிப்பு அன்று. தமிழ்நாடு-புதுச்சேரி-காரைக்கால், கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளம், தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்த கணக்கு. நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காடு வரை இயல்பு என்று கொள்ளப்படுகிறது. ஆந்திரத்தில் கொட்டி நமக்குக் குறைந்தாலும் கணிப்பு பலித்ததாகவே கணக்கு வரக்கூடும். மேலும் அது நிகழ்தகவு: குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று வாய்ப்புகளில் எது சற்றுக் கூடுதல் என்று சொல்வதே தவிர, நடக்கப்போவதை அறிவிப்பதன்று. இதை ஊடகங்கள் தலைப்பில் ஒற்றை வரியாகச் சுருக்கிவிடுவதுதான் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் இயல்பு மழை சுமார் 44 செ.மீ.; ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இது 80 செ.மீ.யைத் தொடும் அல்லது தாண்டும். கோயம்புத்தூருக்கு அதில் பாதிகூட இல்லை. மாநிலச் சராசரி என்ற ஒற்றை எண் இவ்வளவு வேறுபாட்டை மறைத்து வைத்திருக்கிறது. 2023 அதற்கு நல்ல சான்று. அந்தப் பருவத்தின் மாநிலக் கணக்கு இயல்பை ஒட்டியே முடிந்தது. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில், தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. மாநிலத்தின் மூன்று மாதச் சராசரியின் இரு மடங்குக்கும் மேல், 24 மணி நேரத்தில். தாமிரபரணிக் கரை மக்களிடம் போய் அந்த ஆண்டு 'இயல்பு' என்று யாரால் சொல்ல முடியும்?

பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ நிலையை வைத்து முன்கூட்டியே சொல்லும் வழக்கமும் உண்டு. எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை தளர்ந்தாலும் வடகிழக்குப் பருவமழை கூடும் சாய்வு இருக்கிறது. அதே நீர் வழக்கத்தை விடக் குளிரும் லா நினாவில் குறையும் சாய்வு. 2015 வலுவான எல் நினோ ஆண்டு, அந்த நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் 100 செ.மீ.க்கு மேல் பதிவு செய்தது, டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடுத்த ஆண்டே நிலைமை லா நினா பக்கம் தலைகீழாகி, 2016-இல் மாநிலத்தில் இயல்பை விட 62 விழுக்காடு குறைந்தது; வர்தா புயல் டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர, வறட்சியைத் தீர்க்கவில்லை. இதுவரை விதி சரிதான். ஆனால் 2021 லா நினா ஆண்டாக இருந்தும் மழை இயல்பை விட 59 விழுக்காடு கூடியது. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் வெவ்வேறு அளவில் சூடாகும் இருமுனை நிலை, நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை மேகக்கூட்டத்தோடு கிழக்கே நகரும் மேடன்-ஜூலியன் அலைவு, எந்தத் தாழ்வு எங்கே எத்தனை நேரம் நின்றது என்ற தற்செயல் எல்லாம் சேர்ந்தே ஓர் ஆண்டு அமைகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் மணிக்கணக்கில் நின்றதால்தான் மயிலத்தில் 51 செ.மீ. விழுந்தது, அடுத்த நாள் கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. இப்படி ஒரு புயல் ஓரிடத்தில் நின்றுவிடுமா என்பதை அக்டோபர் முதல் தேதியில் எந்தக் கணிப்பாலும் சொல்ல முடியாது.

அன்றாட முன்னறிவிப்பில்தான் நம்பிப் பயன்படுத்தத்தக்க செய்தி அதிகம். ஆனால் அதன் சொற்களை அதற்குரிய பொருளில் படிக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மழை. 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'அநேக இடங்களில்' என்றால் முக்கால் வரை. கனமழை என்பது 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.யிலிருந்து, மிக கனமழை ஏறத்தாழ 11.6 செ.மீ.யிலிருந்து, அதி கனமழை 20 செ.மீ.க்கு மேல். அந்த 24 மணி நேரம் காலை 8.30-இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை எண்ணப்படுவதால், இரவு பெய்த மழை மறுநாள் தேதியில் பதிவாகும். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு, தன் தெருவில் தூறல்கூட இல்லை என்று வானிலை மையத்தைக் கேலி செய்பவர், அறிவிப்பு தன் தெருவைப் பற்றியே பேசவில்லை என்பதை மறந்துவிடுகிறார்.

யாருக்கு எப்போது

நகரத்தாருக்கு வெயில் தணிவது ஆறுதல். நிலத்தை நம்பியிருப்பவருக்கு அது நாள் எண்ணும் காலம். காவிரி டெல்டாவில் ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து நட்ட குறுவை நெல், சரியாகக் காற்று மாறும் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் அறுவடைக்கு வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சாலையோரம் பரப்பிய நெல்லைக் காலால் கோதிக் காயவைத்து, மேற்கே கறுத்ததும் தார்ப்பாயை இழுத்து மூடி, மறுபடி விரித்து என்று பத்து நாட்கள் போகும்; ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துப் பல்லில் கடித்து, 'நொறுக்'கென்று உடைந்தால் காய்ந்தது என்று சொல்லும் பெரியவரின் கணக்கும் கொள்முதல் நிலையக் கருவியின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அதே நேரத்தில் பக்கத்து வயலில் சம்பாவுக்கு அதே மழை தேவைப்படுகிறது. ஒரே ஊரில் ஒரே மழையை ஒருவர் வேண்டாம் என்றும் மற்றவர் வேண்டும் என்றும் பார்க்கும் இந்த இரண்டு வாரங்களுக்கு 'நல்ல மழை' என்ற பொதுச் சொல் பொருந்தாது.

இராமநாதபுரத்தின் வானம் பார்த்த பூமியில் கணக்கு வேறு. அங்கே மழைக்கு முன்னமே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். புரட்டாசியில் ஓர் இடிமழை வந்து விதை முளைத்து, பிறகு கீழைக்காற்று இரண்டு, மூன்று வாரம் தாமதித்தால் முளை கருகும். மறுவிதைப்புக்கு விதையும் உழவுக் கூலியும் மறுபடி வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுபவர்களுக்கும் இதே சூதுதான். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களுக்கோ கீழைக்காற்று என்றால் ஆண்டு வேலை முடிவு. பாத்திகளில் மழைநீர் நின்றால் உப்பு கரைந்துவிடும், ஆகவே அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடிவிட்டு அடுத்த தை வரை காத்திருப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவதாகக் கணக்கு வைத்திருந்தாலும், காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2021 ஜனவரியில் கீழைக்காற்று மூன்றாம் வாரம் வரை நீடித்தது. பனி இறங்க வேண்டிய நாட்களில் டெல்டாவில் தொடர்ந்து மழை கொட்டியது. பொங்கலுக்கு அறுக்க வேண்டிய சம்பா கதிர்கள் தண்ணீரில் சாய்ந்து கிடந்தபடியே முளைவிட்டன.